மூன்று நாள் மருமகன்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான் அந்தக் கடித உறையைத் திறந்தேன். பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை பிற்பகல் வரை அது விடவில்லை. இடைப்பட்ட காலத்தில் எனக்கு ஒரு மருமகன் கிடைத்திருந்தார். ஆங்கிலேயர். நாடக நடிகர், பிற்காலத்தில் சினிமாவிலும் நடித்தவர். அவர் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது என்ற சின்ன விஷயம் மட்டும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

கடிதம் எனக்கு வந்ததல்ல. இந்த நாட்டில் கணவருடைய பெயர்தான் வீட்டில் எல்லோருக்கும் பின்பெயர். என் முன்பெயரும் மகளின் முன்பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். உறையில் பெண்களுக்குப் போடும் ‘ஃப்ராவ்’ என்ற மரியாதைச் சொல்லும் அந்த ஒற்றை எழுத்தும் பின்பெயரும்தான் இருந்தன. எங்கள் வீட்டில் இரண்டு ‘ஃப்ராவ்’, கடிதத்தில் ஒருத்தி. திறந்தேன். அது குற்றம் என்று நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே முதலில் கண்ணில் பட்ட சொல் ‘வோர்ஸ்பிரெஹன்’. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தச் சொல் இருந்தது. நேரில் வந்து முன்னால் நின்று பேசு என்று பொருள். அடுத்த வரியில் ‘அவ்ஃப்நாமெ’, அதாவது சேர்த்துக்கொள்ளுதல். நாங்கள் வந்திறங்கிய முதல் ஏழு மாதம் இருந்த முகாமின் வாசலில் எழுதியிருந்ததும் இதே சொல்தான். அதற்குக் கீழே ‘கொமிஸியோன்’. இதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. கொமிஸியோன் முடிவெடுக்குமாம். வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, அறை இலக்கம் இருநூற்றுப் பதினான்கு, அடையாள அட்டையுடன் வரவும், தாமதமாக வருபவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும். பேர்லினில் இத்தனை வருடத்தில் அறை இலக்கம் போட்டு வந்த எந்தக் கடிதமும் எனக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை.

தலைப்பில் அனுப்பியவர் யார் என்று தெளிவாகவே அச்சடித்திருந்ததைப் பிற்பாடு மகள் விரலால் தொட்டுக் காட்டினாள். அது ஒரு நாடகப் பள்ளி; அங்கே வோர்ஸ்பிரெஹன் என்றால் தேர்வாளர்கள் முன்னால் நடித்துக் காட்டுவது. நான் தலைப்பை வாசிக்கவில்லை. பயந்தவர்கள் கடிதத்தை நடுவிலிருந்துதான் வாசிப்பார்கள்.

இருபத்தொரு வயது மகள் மருந்தாளர் படிப்புக்குப் பதிந்திருக்கிறாள் என்று நானும் கணவரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவளோ எங்களுக்குச் சொல்லாமல் நடிப்புப் படிக்க விண்ணப்பித்திருந்தாள். தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போன இரண்டு பயணங்களில் இரண்டு வேறு ஊர்ப் பள்ளிகள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தன. மிஞ்சியது இது ஒன்றுதான். இங்கேயும் வேண்டாம் என்றால் இனி விண்ணப்பிப்பதில்லை, பேசாமல் மாத்திரை எண்ணப் போவது என்று அவள் தனக்குள் முடிவு செய்திருந்தாள். அவளுடைய ஆயுளில் அந்த வியாழக்கிழமை இரண்டு மணி அவ்வளவு பெரியது. இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது, அவளை யாரோ விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது. நான்கு சோற்றுப் பருக்கையை நசித்து உறையை மறுபடி ஒட்டித் தபால்பெட்டிக்குள் போட்டேன். பிறகு அவளுடைய அறையைக் கூட்டப் போனேன். வாரத்தின் நடுவில் நான் அந்த அறையைக் கூட்டுவதில்லை. அதையும் இங்கே ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. ஜெர்மனில், அவளுடைய எறும்புக் கையெழுத்தில், ஒரு மனிதரின் சரித்திரம். வருடங்களை அவள் இரண்டு இலக்கத்தில் சுருக்கியிருந்தாள். நாங்கள் இருந்தது இரண்டாயிரத்து ஏழில். கொப்பியில் முதல் வரி 02 என்று தொடங்கியது: வீட்டைவிட்டு ஓடினார், தகப்பன் பாதிரியார், கடைசிவரை மன்னிக்கவில்லை. 03: ஒரு கூட்டத்தோடு ஊர் ஊராகச் சுற்றல், நிலையான விலாசம் இல்லை. 04: கல்யாணம். 05: மனைவி போய்விட்டாள், இரண்டாவது மனைவியைப் பிறகு பார்க்க. 06: பெயரை மாற்றினார், வயதில் ஏழு வருடம் கூட்டிச் சொன்னார். 07: பேர்லின்! ஆச்சரியக்குறி போட்டு, ‘இங்கே எங்கே தங்கினார்?’ என்று அடிக்கோடிட்டிருந்தாள்.

நான் ஊரில் சரித்திரம் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தோடுதான் நூறு வருடத்தைத் தவறவிட்டேன்.

அன்று மாலை அவள் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தேன். கடிதம் வந்ததா என்று கேட்டேன். “ஓம், சும்மா யூனியிலையிருந்து” என்றாள். பொய். என் சோறு ஒட்டிய உறை அவளுடைய பைக்குள் இருந்ததை நான் கண்டேன். நேரே கேட்டால் எழுந்து போய்விடுவாள். ஆகவே சுற்றி வந்தேன்.

“பிள்ளை, உனக்கு இங்கிலிஷ்காரர் ஆரையும் தெரியுமோ?”

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை.

“கொப்பியைப் பாத்தனீங்களோ அம்மா? அவரை உங்களுக்கும் பிடிச்சிருக்கோ?”

“எனக்கு எப்பிடிப் பிடிக்கும்? ஆளுக்கு என்ன வயது?”

“அது ஒருதருக்கும் சரியாத் தெரியாது. ரெண்டு பிறந்த திகதி இருக்கு. இளம் ஆள் தேவையெண்டா ஒண்டைச் சொல்லுவார், வயசாளி தேவையெண்டா மற்றதைச் சொல்லுவார்.”

“கடவுளே. என்ன வேலை?”

“கதவு திறக்கிறது.” சிரித்தாள். “உண்மையா அம்மா. பெரிய வீடுகளிலை கதவைத் திறந்து, ஆர் வந்திருக்கினம் எண்டு அறிவிக்கிறது. அதையே செய்துகொண்டிருந்தார் மனுசன். ஒருநாள்கூட அலுக்கேல்லை.”

“அவரோடை எவ்வளவு நாளாப் பழக்கம்?”

“மூண்டு மாசம். படுத்தா எழும்பினா அவர்தான்.” பிறகு பாணைக் கடித்தபடி குரலைத் தாழ்த்தினாள். “அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ. வியாழக்கிழமை முடியட்டும், எல்லாத்தையும் நானே சொல்லுறன்.”

கணவரிடம் அன்றிரவே சொன்னேன். அவர் உணவகச் சமையலறையில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வந்தவர். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தகப்பன் பாதிரியார் எண்டா குடும்பம் பிழையில்லைத்தானே” என்றார். அதற்குப் பிறகு நித்திரை.

புதன்கிழமை கடைக்கார அண்ணையிடம் போனேன். நொய்கெல்ன் பகுதியில் மரக்கறியும் மீனும் விற்பவர் அவர். நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் மற்றவர்களுடைய அலுவலகக் கடிதங்களை வாசித்து விளக்கம் சொல்வதும் அவர்தான். என்னிடம் கடிதம் இல்லை. மனதில் இருந்த சொற்களைச் சொன்னேன், கொப்பியில் கண்டதையும் மகள் வாயால் கேட்டதையும் சொன்னேன். அண்ணை ஒரு முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி யோசித்தார்.

“தங்கச்சி, ஆளுக்கு ரெண்டு பெயர், ரெண்டு பிறந்த திகதி. அப்ப அவன் இங்கிலிஷ்காரனே இல்லை.”

“அப்ப ஆரண்ணை?”

“எங்கடை ஆளாத்தான் இருப்பான்.”

இந்தப் பதிலில் எனக்கு ஒரு கணம் ஆறுதல்கூட வந்தது. அண்ணை அதை நிலைக்க விடவில்லை.

“விசாவுக்காகப் பிள்ளையைக் கட்டப் பாக்கிறான். அவங்களுக்குச் சந்தேகம் வந்திட்டுது. அதுதான் வோர்ஸ்பிரெஹன். உள்ளுக்கை ரெண்டு பேரையும் வேற வேற அறையிலை வைச்சுக் கேப்பாங்கள். பல்லுத் தீட்டிற பிறஷ் என்ன நிறம் எண்டு கேப்பாங்கள். மாறிச் சொன்னா முடிஞ்சுது.”

“என்ரை பிள்ளைக்கு ஒண்டும் தெரியாதண்ணை. அவள் சும்மா நம்பிக்கொண்டு நிக்கிறாள்.”

“அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. தாய் நேரிலை வந்தா ஒரு மரியாதை. ஓர்ட்னரைக் கொண்டுபோங்கோ. முழுசாக் கொண்டுபோங்கோ.”

ஓர்ட்னர் என்றால் கடதாசிகளைத் துளையிட்டுக் கோர்த்து வைக்கும் தடித்த அட்டைக் கோப்பு. எங்கள் வீட்டு ஓர்ட்னர் கறுப்பு நிறம், மூன்று கிலோ. பிறப்பு, கல்யாணம், வாடகை, தடுப்பூசி, எல்லாம் மொழிபெயர்ப்புடனும் முத்திரையுடனும் இருக்கும். எங்கள் மூவரின் அடையாள அட்டைகளும் அதன் முதல் உறைக்குள்தான் இருக்கும். வெளியே வைத்தால் தொலையும் என்று அந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்.

வியாழக்கிழமை காலை மகள் குளித்துக்கொண்டிருந்தபோது ஓர்ட்னரைப் பைக்குள் வைத்தேன். முதியோர் இல்லத்தில் எனக்குச் சமையலறை வேலை, அங்கே காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன். குளியலறை வாசலில் நின்று அவளுடைய பிறஷின் நிறத்தை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். பச்சை. இரண்டு மணி டெர்மினுக்கு, அதாவது அவர்கள் குறித்துக் கொடுத்த நேரத்துக்கு, பன்னிரண்டே முக்காலுக்கே அந்தக் கட்டடத்தில் நின்றேன். அலுவலகங்களில் கைத்தொலைபேசியை அணைக்க வேண்டும் என்பது எனக்குப் பழக்கம். அணைத்தேன்.

இரண்டாம் மாடி நடைபாதையில் கண்டதை நான் மறக்கமாட்டேன். ஒரு பெண் பிள்ளை சுவரைப் பார்த்து நின்று மா, மே, மீ, மோ, மூ என்று முனகிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் நிலத்தில் கைகால் பரப்பி மல்லாந்து கிடந்தான். இன்னொருவன் சூடாக்கிக் குழாயைப் பார்த்து, “கொலைகாரா! நீதான் அவளைக் கொன்றாய்!” என்று கத்தினான். எல்லோரும் இருபது வயதுக்காரர்கள், எல்லோரும் ஜெர்மன் பிள்ளைகள். சொந்த நாட்டுப் பிள்ளைகளையே இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றால் அந்த அறைக்குள் என்னதான் கேட்கிறார்களோ என்று நினைத்தேன்.

முனகிய பிள்ளைக்குப் போத்தலில் கொண்டுபோன இஞ்சித் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“நீங்களும் வோர்ஸ்பிரெஹனா?” என்றாள்.

“ஓம்” என்று ஜெர்மனில் சொன்னேன்.

“என்ன துணிச்சல்!” என்றாள், உண்மையான மரியாதையோடு.

இரண்டு மணியாயிற்று. மகளைக் காணவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் அலுமாரிகளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தன் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். என் அணைத்த தொலைபேசிக்குப் பதினொரு தடவை எடுத்திருக்கிறாள். அட்டை என் மடியில் இருந்தது.

கதவு திறந்தது. கையில் பட்டியலோடு ஓர் இளைஞர் வெளியே வந்து எங்கள் பின்பெயரைக் கூப்பிட்டார். ஃப்ராவ் என்று சேர்த்துத்தான். யாரும் எழும்பவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். பேனையைத் திறந்து பட்டியலில் எதையோ வெட்டப் போனார்.

டெர்மின் தவறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்கு ஒரு டெர்மின் தவறியதால் ஒரு வருடம் போன கதைகள் தெரியும். கூப்பிட்டது என் பெயரும்தான். எழுந்தேன்.

இளைஞர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இங்கே இருக்கிற பிறந்த திகதி...” என்று இழுத்தார்.

“எங்களுக்குக் கடதாசியில் பிறந்த திகதி பிழையாகத்தான் இருக்கும்” என்றேன், பழக்கதோஷத்தில்.

உள்ளே பெரிய வெறும் அறை. நடுவில் ஒற்றை நாற்காலி. எதிரே நீள மேசைக்குப் பின்னால் நரைத்த கட்டை மயிரோடு ஒரு பெண்மணி, ஒரு மொட்டைத் தலைக்காரர், பக்கத்தில் அந்த இளைஞர். மேசையில் கணினி இல்லை, முத்திரை இல்லை, தண்ணீர்ப் போத்தல் மட்டும். முத்திரை இல்லாத மேசையைக் கண்டதும் எனக்குப் பயம் கூடியது. மேலிடம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“எங்களுக்கு என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?” என்று பெண்மணி கேட்டார்.

ஓர்ட்னரை நாற்காலியில் வைத்துத் திறந்தேன். அதன் இரும்பு வளையம் அறை முழுக்கச் சத்தமிட்டது. மொட்டைத் தலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லது. எந்த ‘ரோலெ’?”

அந்தச் சொல்லுக்குப் பாத்திரம் என்றும் பொருள், பங்கு என்றும் பொருள். இந்த விவகாரத்தில் உன் பங்கு என்ன என்று கேட்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன்.

“அம்மா” என்றேன்.

மூவரும் தலையாட்டினார்கள். “தொடங்கலாம்.”

தொடங்கினேன். என் பிள்ளை குற்றமற்றவள், பிறந்தநாள் தொட்டு ஒருவரையும் ஏமாற்றத் தெரியாதவள், பல்லுத் தீட்டும் பிறஷ் பச்சை நிறம். அந்த மனிதனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும். பாதிரியாருக்குப் பிள்ளையாய்ப் பிறந்து வீட்டைவிட்டு ஓடியவன். ஒரு கூட்டத்தோடு ஊர் ஊராக அலைந்தவன். கட்டிய பெண் அடுத்த வருடமே விட்டுப் போயிருக்கிறாள் என்றால் என்ன குணமாக இருக்க வேண்டும்? அதற்குள் இரண்டாவது. பெயரை மாற்றினான், வயதை மாற்றினான். உத்தியோகம் என்ன என்று கேட்டால் கதவு திறப்பது! என் மகள் மூன்று மாதமாகப் புத்தகத்தைத் தொடவில்லை, அந்த ஆளைத்தான் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் அவளைப் பெற்றது எவனோ ஒருவன் திறக்கும் கதவுக்குப் பின்னால் நிற்பதற்காகவா? அவள் இங்கே வந்தால் அதட்டிக் கேட்காதீர்கள், அதட்டினால் பொய் சொல்லிவிடுவாள், மெதுவாகக் கேளுங்கள், மெதுவாகக் கேட்டால் எனக்குச் சொல்லாததைக்கூட உங்களுக்குச் சொல்லுவாள்.

கடைசி வரியை இரண்டு தடவை சொன்னேன். கூட்டிக்கழித்துப் பார்த்தால் என் கவலை அதுதான். ஆங்கிலேயன் அல்ல. அவள் எனக்குச் சொல்லவில்லை என்பதுதான்.

நரைத்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இளைஞர் தன் முன்னால் இருந்த மகளின் விண்ணப்பத்தைப் புரட்டினார். அதனோடு அவள் அந்த நடிகரைப் பற்றி ஒரு கட்டுரை இணைத்திருந்தாளாம். மொட்டைத் தலைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மிக மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல் பேசினார்.

“அம்மையாரே, இந்த நடிகர் இறந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வந்தது இரக்கம். மூன்று நாள் குடும்பத்தில் ஒருவராக இருந்த மனிதர் அல்லவா.

“ஐயோ, என்ன நோய் வந்து?” என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் இது என்ன இடம், யார் இவர்கள், நடைபாதையில் அந்தப் பையன் யாரைக் கொலைகாரன் என்றான் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குள் இறங்கின. கடைசியாக இறங்கியது, இது மகளுடைய இரண்டு மணி என்பது. அதை நான் பேசித் தீர்த்துவிட்டேன். அவளுடைய அடையாள அட்டையும் என்னிடம். நாற்காலியைப் பிடித்தேன்.

அந்த அறையின் கதவு மறுபடி திறந்த கதைக்கு வருமுன் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. அதை நான் திறக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்து மட்டும் பார்த்தேன். அவளைப் பள்ளிக்கு எடுத்திருந்தார்கள். அன்று இரவு அவள் எனக்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். ஒன்றரை மணி நேரப் படத்தில் என் மருமகன் ஒரு நிமிடம் வருகிறார். ஒல்லியான மனிதர், காது கொஞ்சம் பெரிது. நாடகக் குழுவில் முதல் வருடம் ஈட்டி பிடித்தவர், இரண்டாம் வருடம் பிணமாகக் கிடந்தவர், பிறகு பேசாப் படங்களில் வாயை மட்டும் அசைத்தவர், படம் பேசத் தொடங்கியதும் வாசல் பணியாளாக ஒரே ஒரு வசனத்தை வீட்டுக்கு வீடு சொன்னவர். கதவைத் திறக்கிறார், முதுகை நிமிர்த்துகிறார், அந்த வசனத்தைச் சொல்கிறார், போகிறார். நாயகனும் நாயகியும் அழுகிறார்கள், நானோ அவர் மறுபடி வருவாரா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. “இதுதானம்மா அவரின்ரை கெட்டித்தனம்” என்றாள் மகள்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு, நான் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கதவு திறந்தது. மகள். தகப்பனின் கல்யாணக் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள், தோள் கீழே வழிந்தது. சுரங்க ரயில் படிகளில் ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது, முகம் அழுது வீங்கியிருந்தது. மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலியில் விரிந்து கிடந்த ஓர்ட்னரைப் பார்த்தாள். ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கியதை நான் கண்டேன், அவள் கத்தப்போகிறாள் என்று கண்ணை மூடினேன்.

அவள் கத்தவில்லை. நான் கண்ணைத் திறந்தபோது அவள் கதவுப் பிடியில் ஒரு கையை வைத்து, முதுகை நிமிர்த்தி, மூச்சே வாங்காதவள்போல் நின்றாள். கண் என்மேல் இல்லை, நேரே கொமிஸியோன்மேல். மிக மரியாதையாக, யாருக்கும் அவசரமே இல்லாத குரலில் சொன்னாள்:

“ஐயா, தங்களைக் காண ஒரு சீமாட்டி வந்திருக்கிறார்.”